ரிலீவர் அடித்த கோல்கள்

சென்னையில் ஒரு செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் நான் வேலை பார்த்தபோது எங்கள் மேஜையில் எழுதாத விதி ஒன்று இருந்தது. மைதானத்தின் பெயர் தவறலாம், நடுவரின் ஊர் தவறலாம், மழையால் ஆட்டம் தாமதமானதா வெளிச்சமின்மையாலா என்பதில்கூடச் சறுக்கலாம். கோல் அடித்தவர் பெயர் மட்டும் தவறக் கூடாது. தவறிவிட்டால் மறுநாள் அதே பக்கத்தில் திருத்தம் வரவேண்டும். இதை நான் நெய்வேலிக்கும் கொண்டுபோனேன். அங்கே அது செல்லுபடியாகவில்லை.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில், வாட்ஸ்அப் குழுக்கள் பெருகத் தொடங்கியிருந்த சமயத்தில், கணவருக்கு அங்கே நிலக்கரிச் சுரங்க நிறுவனத்துக்கு வேலை மாறியது. பிளாக் எண்ணும் தெரு எண்ணும் வைத்துச் சொல்லப்படும் குவார்ட்டர்ஸ் ஒன்றில் குடியேறினோம். அகலமான சாலைகள், வரிசை மரங்கள், எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி கேட். நான் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்தேன். எனக்குக் குறைந்தது ஒன்றுதான். சென்னையில் ஞாயிறுதோறும் இன்லைன் ஹாக்கி விளையாடுவேன். ஒரே வரிசையில் நான்கு சக்கரம் பொருத்திய காலணியை மாட்டிக்கொண்டு, மட்டையால் கனத்த பிளாஸ்டிக் வட்டு ஒன்றைத் துரத்தும் ஆட்டம். அணிக்கு நான்கு பேரும் ஒரு கோல்காப்பாளரும். நான் நன்றாக ஆடுபவள் அல்ல. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் இல்லாமல் எனக்கு வாரம் முடியாது.

நெய்வேலியில் ஆட எங்கே இடம் என்று யாரைக் கேட்டாலும் முதலில் என்னைக் கேட்டார்கள்.

"சார் எந்த யூனிட், மேடம்?"

"ஹாக்கி விளையாட எதுக்கு சார் எந்த யூனிட்னு தெரியணும்?"

"அதில்ல மேடம், டிபெண்டன்ட்டா நீங்க, அதான். லேடீஸுக்கு த்ரோபால் இருக்கு. பிள்ளைங்களுக்கு ஸ்கேட்டிங் கிளாஸ் இருக்கு. உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

எனக்குப் பிள்ளைகள் இல்லை என்றதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சொந்தமாகச் சம்பாதித்து, சொந்தமாக வரி கட்டி, முப்பத்து நான்கு வயது வரை யாரையும் சார்ந்திராத ஒருத்திக்கு, ஊர் மாறியதும் கிடைத்த முதல் அடையாளம் 'டிபெண்டன்ட்'. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் கைப்பை வாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

கடைசியில் ஆட்டத்தைக் கண்டுபிடித்தது ஒரு மெக்கானிக் கடையில். நிறுவன டவுன்ஷிப்புக்கு வெளியே, நுழைவு வளைவைத் தாண்டி, ஸ்கூட்டருக்கு பிரேக் ஷூ மாற்றப் போயிருந்தேன். கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒருவர் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் சின்னச் சின்ன பேரிங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஜோடி காலணி. ஒரே வரிசையில் நான்கு சக்கரம்.

"இது உங்களுதா?"

"காலு என்னுது. ஷூ எங்க ஹாக்கி லீக்கோடது," என்றார் அவர். "நீங்க ஆடுவீங்களா மேடம்?"

"ஆடுவேன். எங்க ஆடுறீங்க?"

"கல்யாண மண்டபத்துல."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளடங்கி இருந்தது அந்த மண்டபம். பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவருடையது. மேலே கல்யாணக் கூடம், கீழே பந்திக் கூடம். பந்திக் கூடத்தின் தரை நல்ல வழவழப்பான கல். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் சும்மா கிடக்கும். அந்த இரண்டு மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகள்தான் லீக்கின் பருவங்கள். உலகத்தில் வேறெங்கும் ஓர் ஆட்ட அட்டவணையைப் பஞ்சாங்கம் பார்த்துப் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டு மேஜைகளை ஒருக்களித்துச் சாய்த்து நாலா பக்கமும் சுவர்போல நிறுத்தியிருப்பார்கள். வட்டு அதில் மோதித் திரும்பும். கோல் கம்பங்கள் பிளம்பிங் குழாய், வலை கடலூர் துறைமுகத்து மீன்வலை. ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தின் நெய்ப்பிசுக்கு மூலைகளில் மிச்சமிருக்கும் என்பதால் முதல் ஞாயிறு முழுக்கச் சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பது வழக்கம். அப்படியும் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வழுக்கும். அந்த மூலைக்கு 'ரசம் கார்னர்' என்று பெயர். அங்கே விழுந்தால் ஃபவுல் கிடையாது.

எனக்கு அந்த இடம் முதல் பார்வையிலேயே பிடித்துப்போயிற்று. அதையும் சொல்லிவிடுகிறேன். பிடிக்காத இடமாக இருந்திருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது.

லீக்கின் செயலாளர் ஸ்டோர்ஸ் பிரிவில் அதிகாரி. இஸ்திரி போட்ட டிராக் சூட், கழுத்தில் விசில். என் சக்கரக் காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல ஷூ மேடம். உங்கள கான்ட்ராக்ட்ல எடுத்துக்கறோம்," என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது வேடிக்கை இல்லை என்று அரை மணி நேரத்தில் தெரிந்தது.

லீக்கைத் தொடங்கியவர்கள் டவுன்ஷிப் பொறியாளர்களும் அதிகாரிகளுமாகப் பதினைந்து பேர். மூன்று அணிகளிலும் உள்ள பதினைந்து இடங்களும் அவர்களுடையவை. அவர்கள் 'பர்மனென்ட்'. ஆனால் அவர்களில் பாதிப்பேருக்கு ஏதாவது ஒரு ஞாயிறு ஷிப்ட் வந்துவிடும். சிலருக்கு முழங்கால் போய்விட்டது. சிலர் மாற்றலாகிப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக ஆடுகிறவர்கள் ரிலீவர்கள், அதாவது 'கான்ட்ராக்ட்'. சுரங்கத்தில் அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பொறுப்பேற்கும்வரை யாரும் இயந்திரத்தை விட்டு இறங்கக் கூடாது. அந்த ஒழுங்கை அப்படியே பந்திக் கூடத்துக்கும் கொண்டுவந்திருந்தார்கள். நான் பார்த்த முதல் ஆட்டத்திலேயே ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வெளியே போகாமல் கோலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, ரிலீவர் காலணி வார் கட்டி முடிக்கும்வரை மட்டையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வெளிய வாய்யா!" என்று நான் கத்தினேன்.

"ரிலீவர் வரலியே மேடம்!" என்று அவர் உட்கார்ந்தபடியே பதில் கத்தினார். அதற்குள் அவர் தலைக்கு மேலே வட்டு வலைக்குள் போயிற்று.

இதை ரசித்தேன். ரசிக்க முடியாதது அடுத்தது. ரிலீவர் அடிக்கும் கோல், அந்த இடத்துக்குச் சொந்தக்காரரான பர்மனென்ட் ஆட்டக்காரரின் பெயரில் ஏறும்.

மண்டபத்து வாசலில், மணமக்கள் பெயரை வெள்ளைப் பிளாஸ்டிக் எழுத்துகளால் செருகிவைக்கும் கறுப்புப் பலகை ஒன்று உண்டு. ஆடியில் அது லீக்கின் பலகை. யார் எத்தனை கோல் என்று அதில் வரும். என் இரண்டாவது ஞாயிறு நான் ஒரு கோல் அடித்தேன். அழகான கோல் அல்ல, காப்பாளர் காலில் பட்டு உள்ளே உருண்டது. இருந்தாலும் என்னுடையது. வெளியே வந்து பலகையைப் பார்த்தால், கண்புரை அறுவை முடிந்து வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்த ஓர் அதிகாரியின் பெயருக்கு எதிரே ஒன்று ஏறியிருந்தது.

"சார், இது நான் அடிச்சது."

"ஆமா மேடம், சூப்பர் கோல்," என்றார் செயலாளர்.

"என் பேர் இல்லியே."

"சீட்டு அவரோடதுல்ல மேடம்?"

"அவர் கண்ணக் கட்டிக்கிட்டு வீட்ல படுத்திருக்கார்."

"அதனாலதான உங்கள ரிலீவர் போட்டோம்?"

அவர் முகத்தில் கேலி இல்லை. விளக்குகிற பொறுமைதான் இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டியது.

மெக்கானிக் கடையில் பேரிங் கழுவிக்கொண்டிருந்தவர்தான் அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். இதை ஒப்பீட்டுக்காகச் சொல்லவில்லை. சென்னையில் நான் பார்த்தவர்களிலும் அவரைப்போல் இருவர்தான் தேறுவார்கள். வளையமாதேவிப் பக்கத்துக்காரர். சில ஆண்டுகள் பெங்களூரில் ஒரு வணிக வளாகத்து ஸ்கேட்டிங் தளத்தில் காலணி எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்திருக்கிறார். கூட்டம் இல்லாத பகல்களில் அங்கேயே கற்றுக்கொண்டாராம். இப்போது சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரிக் கொட்டும் கான்ட்ராக்ட் தொழிலாளி. வேலையிலும் கான்ட்ராக்ட், லீக்கிலும் கான்ட்ராக்ட். வாய் ஓயாதவர்.

"ஆடி மாசம்ல மேடம், அதான் எங்களத் தள்ளுபடியில வச்சிருக்காங்க," என்பார். கோல் அடித்துவிட்டு மண்டபத்து வாசலைப் பார்த்து, "சார்! உங்களுக்கு இன்னொண்ணு போட்டுட்டேன் சார்!" என்று கூவுவார். அவர் யாருடைய இடத்தில் ஆடினாரோ அந்தப் பொறியாளர் ஆறேழு மாதமாக வெளிமாநிலத்தில் டெபுடேஷனில் இருந்தார். பலகையில் அந்தப் பொறியாளர்தான் முதலிடம். வெகு தூரம் முன்னால்.

இந்தக் கிண்டல் எல்லாம் மேற்பூச்சு என்று ஒருநாள் தெரிந்தது. ஆட்டம் முடிந்து மேஜைகளை நிமிர்த்திக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. அதனால் அவர் கிட்டே வந்து பேசவேண்டியிருந்தது.

"அக்கா, நீங்க பேப்பர்ல வேல பாத்தவங்க. நீங்க சொன்னா கேப்பாங்களா?" அன்றுதான் 'மேடம்' 'அக்கா' ஆயிற்று.

"என்ன சொல்லணும்?"

"வூட்டுல நம்ப மாட்றாங்கக்கா. ஞாயித்துக்கெழம ஆனா சக்கரத்தக் கட்டிக்கினு எங்கியோ போய்க்கினு கெடக்குறான்னு மச்சான் ஊரு பூரா சொல்லிக்கினு திரியிறான். ஃபைனலுக்கு எல்லாரையும் கூட்டியாரேன்னு சொல்லிட்டேன். நாந்தான் ஃபஸ்ட்டுன்னும் சொல்லிட்டேன். அந்தப் பலகையில என் பேரு ஒரே ஒரு தபா ஏறணும். என் வூட்டுக்காரி அதப் படிக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஏழெட்டுப் பிளாஸ்டிக் எழுத்து.

அந்த வாரம் நடந்த கூட்டத்தில் இதை எழுப்பினேன். டிபன் கடையின் மேல்மாடியில், வடையும் காபியுமாக நடந்த கூட்டம். நிதானமாகப் பேசவேண்டும் என்று முடிவெடுத்துப் போயிருந்தேன். ஆட்டக்காரர்களே கோலுக்கு உரியவர்கள், எந்த ஆட்டத்திலும் மாற்று ஆட்டக்காரரின் கோல் மாற்று ஆட்டக்காரருக்கே என்று சொன்னேன்.

செயலாளர் வடையை வைத்துவிட்டுக் கேட்டார்: "மேடம், மைன்ஸ்ல ஒருத்தர் லீவ்ல போறார். ரிலீவர் வந்து மெஷின ஓட்டுறான். அன்னிக்குத் தோண்டின கரி யார் கணக்குல போவும்? ஷிப்ட் கணக்குல. ஓட்டினவன் பேர்லயா எழுதுறோம்?"

"கரிக்குப் பேர் கிடையாது சார். கோலுக்கு உண்டு."

ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "இதெல்லாம் ஆரம்பிச்சா அப்புறம் கான்ட்ராக்ட்காரங்க எல்லாம் சீட்டும் கேப்பாங்க," என்றார். மேஜையைச் சுற்றித் தலைகள் ஆடின. உண்மையான காரணம் அப்போதுதான் மேஜைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்காக, யாரும் யாருக்கும் சம்பளம் கொடுக்காத ஓர் ஆட்டத்தில், யாரும் கேட்காமலே, வாரம் முழுவதும் தங்களைப் பிரித்துவைக்கிற கோட்டைத் தாங்களே கொண்டுவந்து சாக்பீஸால் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைக் காக்க வேறு செய்கிறார்கள். நான் அதை அப்படியே சொன்னேன். குரல் உயர்ந்திருக்கவேண்டும், கீழே இருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மேடம் டென்ஷன் ஆகாதீங்க," என்றார் செயலாளர். "உங்களுக்கு வேணா ஒரு பர்மனென்ட் சீட் யோசிக்கலாம். சார் எங்க ஆள்தானே."

கணவரின் வேலையைக் காட்டி எனக்கு ஓர் இடம். அது எனக்கு வேண்டாம் என்றேன். கூட்டம் அடுத்த பொருளுக்குப் போனது: பரிசு.

அதிக கோல் அடித்தவருக்கு எவர்சில்வர் அடுக்கு டிபன் கேரியர் தருவது வழக்கம். "பாத்திரம் வாங்கறதுன்னா லேடீஸுக்குத்தான் தெரியும். மேடம் பண்ருட்டி போய் வாங்கிட்டு வந்துடட்டும். பேரும் வெட்டிடுங்க," என்று செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டினார். வெளிமாநிலத்துப் பொறியாளரின் பெயரைச் சொல்லி, இன்ஷியலையும் சொன்னார்.

பண்ருட்டிக் கடைத்தெருவில் பலாப்பழ வாசனைக்கு நடுவே ஒரு பாத்திரக் கடை. நாலடுக்கு கேரியர் ஒன்றை எடுத்தேன். பேர் வெட்டுகிறவர் வாசலோரம் மின்சார ஊசியோடு உட்கார்ந்திருந்தார்.

"பேரு சொல்லுங்க."

நான் கோல் அடித்தவரின் பெயரைச் சொன்னேன். குறும்பு என்றோ பழிவாங்கல் என்றோ அப்போது நினைக்கவில்லை. அச்சுக்குப் போகும் முன் தவறைக் கண்டால் திருத்துவதுதான் என் தொழில். கை தானாகப் போயிற்று.

"இன்ஷியலு?"

தெரியாது. "இன்ஷியல் இல்லாம போட முடியாதா?"

"போடலாம்மா. அப்பறம் யாரு வூட்டுதுன்னு யாருக்குத் தெரியும்? ஒரு தெருவுல அதே பேர்ல நாலு பேரு இருப்பான். விசேஷ வூட்டுல பாத்திரம் மாறிப்போனா இன்ஷியலப் பாத்துதான திருப்பித் தராங்க?"

கோல் அடித்தவருக்கே போன் செய்தேன். பின்னணியில் பெல்ட் ஓடும் இரைச்சல்.

"உங்க இன்ஷியல் என்ன?"

"எதுக்குக்கா, பர்மனென்ட் பண்ணப் போறீங்களா?"

"சொல்லுங்க."

சொன்னார். ஊசி டர்ரென்று ஓடியது. மூடியின் மேல் புள்ளிப் புள்ளியாகப் பெயர் எழும்பியது. கடைக்காரர் ரோஸ் நிற ஜிகினாக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, பூ வைத்துக் கொடுத்தார். மேடையில் பரிசைப் பிரித்துக் காட்டி, கையில் உயர்த்திப் பிடித்துப் படம் எடுப்பார்கள், அப்போது எல்லாரும் படிப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இறுதி ஆட்டத்து ஞாயிறு. மேஜைச் சுவருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பது ஐம்பது பேர். வளையமாதேவிக்காரரின் மனைவி பச்சைப் பட்டுப் புடவையில், தலை நிறையக் கனகாம்பரத்தோடு, கல்யாணத்துக்கு வந்தவர்போலவே வந்திருந்தார். பக்கத்தில் மச்சான். நான் அன்று ஆடவில்லை. கண்புரைக்காரர் குணமாகித் தானே களத்தில் இறங்கிவிட்டார். அதனால் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வளையமாதேவிக்காரர் மூன்று கோல் அடித்தார். மூன்றாவது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ரசம் கார்னரில் எல்லாரும் வேகம் குறைப்பார்கள். அவர் அந்த வழுக்கலையே பயன்படுத்திப் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போய், காப்பாளர் திரும்புவதற்குள் எதிர்மூலைக்குள் தட்டினார். கூடம் கத்தியது. மனைவி எழுந்து நின்றுவிட்டார்.

செயலாளர் மண்டபத்து மைக்கில், மொய் எழுதியவர் பெயரை வாசிக்கும் தொனியில், பொறியாளரின் பெயரைச் சொல்லி மூன்றாவது கோல் என்று அறிவித்தார்.

மனைவி என் பக்கம் திரும்பினார். "யாருங்க அது? இவருதானங்க அடிச்சாரு?"

"இவர்தாங்க அடிச்சார்."

"அப்பறம் வேற யாரு பேரோ சொல்றாங்க?"

நான் விளக்கத் தொடங்கும் முன் மச்சான் முந்திக்கொண்டார். கையைக் குவித்து, "இன்னா மாமா! பேர மாத்திக்கினியா? எங்ககிட்ட சொல்லவே இல்ல!" என்று கத்தினார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். களத்தில் அவர் குனிந்து வாரை இறுக்கினார். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

பரிசளிப்பு வந்தது. அதிக கோல் அடித்தவர் என்று பொறியாளரின் பெயரை வாசித்த செயலாளர், "சார் ஊரில் இல்லாததால் அவர் சார்பாகப் பரிசைப் பெற்றுக்கொள்ள அவருடைய ரிலீவரை அழைக்கிறேன்," என்றார்.

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பரிசளிப்பு விழாக்களை எழுதியிருக்கிறேன். தான் அடித்த கோல்களுக்கான பரிசை, அடிக்காதவர் சார்பாக, அடித்தவரையே அழைத்து வாங்கவைத்ததை அங்கேதான் பார்த்தேன். அதுவும் அவர் மனைவிக்கு எதிரே. அந்த ஏற்பாட்டில் ஏதோ கோணலாக இருக்கிறது என்று மேடையில் நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. கைதட்டினார்கள். யாரும் காகிதத்தைப் பிரிக்கவும் இல்லை. ரிப்பனோடு, பூவோடு படம் எடுத்தார்கள். செயலாளர் அவர் காதருகே, "இத அப்படியே சார் குவார்ட்டர்ஸ்ல குடுத்துடுப்பா. மேடம் இருப்பாங்க," என்றது மைக்கிலும் கேட்டது.

அவர் வெளியே வந்து பைக்கின் டேங்க் மேல் பொட்டலத்தை வைத்தார். முகத்தில் கரி வேலை முடித்து வருகிறவரின் களைப்பு.

"வூட்டுக்குப் போயிடு. நான் இதக் குடுத்துட்டு வரேன்," என்றார் மனைவியிடம்.

"நானும் வரேன்," என்றார் மனைவி.

"நீ எதுக்கு?"

"யாரு அந்த ஆளுன்னு நான் பாக்கணும்."

நானும் கிளம்பினேன். மனைவி என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார். வேகத்தடைகளில் என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

பொறியாளரின் மனைவி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கு வந்தார். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாருக்குப் பரிசுங்க," என்று ரிலீவர் பொட்டலத்தை நீட்டினார். "ஹாக்கில ஃபஸ்ட்டுங்க."

"அவுருக்குங்களா? அவுரு ஊர்லயே இல்லீங்ளே. எப்படீங்க ஆடுனாரு?"

ஒரு லீக் முழுவதும் ஒருவரும் கேட்காத கேள்வியை அந்த அம்மா வாசற்படியில் நின்றபடி கேட்டுவிட்டார். அவர் காகிதத்தை ஒரு ஓரமாகப் பிரித்தார். கேரியர் மூடி தெரிந்தது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் படித்தார்.

"இது எங்களுது இல்லீங்க. வேற பேரு வெட்டியிருக்குது."

"இல்லீங்க, சாருதுதாங்க…"

"எங்க வீட்டு இன்ஷியல் இது இல்லீங்க. யாரோ வீட்டுப் பாத்திரத்த நான் எப்படீங்க வாங்கி வெக்கறது? நாளைக்கு அவுங்க தேட மாட்டாங்களா?" என்று சொல்லி, பிரித்த காகிதத்தையும் மடித்து மேலே வைத்து, கேரியரை எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு, வந்தவர்களை வாசலோடு அனுப்பக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "மோர் குடிச்சிட்டுப் போறீங்ளா?" என்றும் கேட்டார்.

கேரியரைக் கையில் வாங்கியது பச்சைப் புடவைதான். மூடியைத் தன் பக்கம் திருப்பினார். எழுத்துக் கூட்டி, இன்ஷியலில் தொடங்கி, புருஷன் பெயரைச் சத்தமாகப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு இன்னொருமுறை படித்தார்.

"அதான் இன்ஷியலக் கேட்டீங்களா," என்றார் அவர் என்னிடம். பிறகு மோரை இரண்டு டம்ளர் குடித்தார்.

இத்தோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று எழுதினால் நானும் பொய்யான செய்தி எழுதியவள் ஆவேன். செயலாளருக்கு விஷயம் மறுநாளே போய்விட்டது. வாட்ஸ்அப் குழுவில் 'ஒழுங்கீனம்' என்று எழுதினார். மார்கழி லீக்கில் எனக்கு ரிலீவர் இடம்கூடத் தரவில்லை. கோல் அடித்தவரை மட்டும் நீக்கவில்லை. அவர் இல்லாமல் அந்த அணி ஜெயிக்காது. விதி அப்படியே இருந்தது. மார்கழியிலும், தை மாதம் முகூர்த்தங்கள் தொடங்கி மணமக்கள் பெயர் ஏறும்வரை, பலகையில் வெளிமாநிலத்துப் பொறியாளரின் பெயர்தான் முதலில் இருந்ததாம். அந்தப் பொறியாளரை நான் ஒருமுறை கடைத்தெருவில் பார்த்தேன். நல்ல மனிதர். தான் அந்த ஆண்டின் முதல் ஆட்டக்காரர் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னபோது, "அப்படியா?" என்று சந்தோஷப்பட்டார். திருத்தம் கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

பிறகு நாங்கள் ஊர் மாறினோம். இதை எழுதும் முன் கோல் அடித்தவரிடம் போனில் கேட்டேன். உங்கள் பெயரைப் போடுகிறேன், இன்ஷியலோடு போடுகிறேன், பழைய தவறுக்கு ஒரு திருத்தமாக இருக்கட்டும் என்றேன்.

"வேணாங்க்கா," என்றார். "கான்ட்ராக்ட்டு ரினீவல் வருது. நம்ம பேரு எதுலயும் வராம இருக்கறதுதான் நல்லது."

"கேரியர் இருக்கா?"

"அதுலதான் சோறு எடுத்துக்கினு போறேன். மூடியில இருக்குற பேரு எல்லாரு கண்ணுலயும் படுற மாதிரிதான் ஷெட்டுல வைக்கிறேன்."

ஆக, கோல் அடித்தவர் பெயர் இல்லாமலே இந்தக் குறிப்பும் அச்சுக்குப் போகிறது. எங்கள் பழைய மேஜையில் இதை அனுமதித்திருக்க மாட்டார்கள்.